ஊரை மூடும் வாக்கெடுப்பு



ஊர்கள் பஞ்சத்தால் அழிந்ததுண்டு, போரால் அழிந்ததுண்டு, கடல்கொண்டு மறைந்ததும் உண்டு. ஆனால் ஊரார் தாமே வாக்குச் சீட்டில் குறியிட்டு, இனி இவ்வூர் வேண்டா என்று முடிவு செய்யும் வழக்கம் உலகின் ஒரு பகுதியில் நடைமுறையில் இருக்கிறது. கனடா நாட்டின் கிழக்குக் கோடியில் உள்ள நியூபவுண்ட்லாந்து-லாப்ரடார் மாகாணமே அப்பகுதி. ஊராருள் குறிப்பிட்ட விழுக்காட்டினர் இசைந்தால் அரசு பணம் கொடுத்து அனைவரையும் வேறிடம் செல்லச் செய்யும். பின்னர் மின்சாரத்தைத் துண்டிக்கும். படகுப் போக்குவரத்தை நிறுத்தும். அத்துடன் ஊர் முடிந்துவிடும். இத்திங்கள் அம்மக்களின் இன்னலைக் குறித்துச் சிந்திப்போம்.

எங்கோ பனிக்கடலின் ஓரத்தில் வாழ்வோரைப் பற்றி நமக்கென்ன என்று எவரும் எண்ண வேண்டா. அவர்களுக்குத் தமிழ் மக்கள் பட்ட கடன் ஒன்றுண்டு. 1986-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், இலங்கையின் கொடுமைகளுக்குத் தப்பி வந்த 155 தமிழர், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நெருக்குண்டு, மூடுபனி சூழ்ந்த அட்லாண்டிக் பெருங்கடலில் திசையறியாது மிதந்து கொண்டிருந்தனர். அவர்களைக் கண்டு, தம் படகுகளில் ஏற்றி, உணவும் உடையும் தந்து காத்தவர்கள் நியூபவுண்ட்லாந்து மீனவர்களே. அட்மிரல்ஸ் பீச் என்னும் சிற்றூரைச் சேர்ந்த படகுத் தலைவர் கஸ் டால்ட்டன் அவர்களுள் முதன்மையானவர். முன்பின் அறியாத மக்களை எவர், எவ்விடத்தார் என்று கேளாமல் கரைசேர்த்த அச்சிற்றூர்கள், இன்று தாங்களே கரைசேர வழியறியாது தவிக்கின்றன.

நியூபவுண்ட்லாந்து ஒரு பெருந்தீவு. லாப்ரடார் அதற்கு வடக்கே கனடிய நிலப்பரப்பின் ஒரு பகுதி. முன்பு பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டுத் தனி நாடாக விளங்கிய இது, 1949-ஆம் ஆண்டு மார்ச்சு 31-ஆம் நாள் கனடாவின் பத்தாவது மாகாணமாக இணைந்தது. அயர்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்களே அங்குப் பெரும்பாலோர். காட் என்னும் மீனைப் பிடித்து, உப்பிட்டு, உலர்த்தி விற்பதே அவர்களின் தொழில். மீன் எங்கு மிகுதியோ அங்குக் குடிசை போட்டனர். எனவே இணைப்பு நிகழ்ந்த காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் கடற்கரை நெடுகிலும், தீவுகளிலும் சிதறிக் கிடந்தன. பலவற்றுக்குச் சாலை இல்லை, மின்சாரம் இல்லை, மருத்துவர் இல்லை. ஆலயம் மட்டும் இருந்தது.

சிதறிக் கிடப்போரை ஓரிடத்தில் சேர்த்தால் பள்ளியும் மருத்துவமனையும் தரலாம் என்று அரசு எண்ணியது. எண்ணத்தில் தீமை இல்லை. 1954-இல் தொடங்கிய முதல் திட்டத்தில் ஊரார் அனைவரும் இசைந்தால்தான் ஊர் இடம்பெயரும் என்பது விதி. 1965-இல் கூட்டாட்சி அரசும் சேர்ந்து நடத்திய இரண்டாம் திட்டத்தில் அது 90 விழுக்காடாகக் குறைந்தது. பின்னர் 80 ஆயிற்று. குடும்பத்துக்கு 1,000 டாலரும், தலைக்கு 200 டாலரும் உதவித்தொகை. 1954-க்கும் 1975-க்கும் இடையில் ஏறத்தாழ 300 ஊர்கள் வெறுமையாயின. ஏறத்தாழ 30,000 மக்கள் பெயர்ந்தனர். மரவீடுகளைப் பீப்பாய்களின்மேல் மிதக்கவிட்டு, படகுகளில் கட்டி இழுத்துக்கொண்டு புதிய இடத்துக்குச் சென்ற குடும்பங்களும் பல. வீட்டை இழுத்துச் செல்ல முடிந்தது. முன்னோரின் கல்லறையை இழுத்துச் செல்ல முடியவில்லை.

சென்ற இடத்தில் வாழ்வு மலர்ந்ததா? பிள்ளைகளுக்குப் பள்ளி கிடைத்தது. கருவுற்ற தாய்மாருக்கு மருத்துவம் கிடைத்தது. இவற்றை நாம் மறுத்தல் முறையன்று. ஆனால் பலருக்கு வேலை கிடைக்கவில்லை. புதிய கரையின் நல்ல மீன்பிடி இடங்கள் முன்பே அங்கிருந்தோரின் உரிமையாய் இருந்தன. பழைய கடலின் ஒவ்வொரு பாறையையும் கண்மூடி அறிந்த மீனவன், புதிய கடலில் அந்நியனானான். பிளாசென்சியா விரிகுடாவில் உள்ள மெராஷீன் தீவு கத்தோலிக்கர் வாழ்ந்த ஊர். அதுவும் அக்காலத்தில் கைவிடப்பட்டதே. அங்குப் பிறந்தவர்களும் அவர்தம் பிள்ளைகளும் பின்னாளில் படகேறிச் சென்று அவ்வெறுமைத் தீவில் ஒன்றுகூடி விழாக் கொண்டாடினர் என்றால், அவர்கள் இழந்தது எத்தகையது என்பதை உணரலாம்.

இந்த வரலாற்றில் திருச்சபைக்கும் பங்குண்டு. அதனை நாம் மறைத்தல் ஆகாது. குருவும் ஆசிரியரும் ஊரைவிட்டு அகன்றபின் மக்களும் அகன்றனர் என்பதே பல ஊர்களின் கதை. லாப்ரடாரின் வடகரையில் எப்ரோன் என்னும் ஊர் இருந்தது. இனுவிட் பழங்குடியினரின் அவ்வூரில் 1830 முதல் மொராவிய சபையாரின் மறைப்பணி நடைபெற்று வந்தது. 1959-ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிற்றுக்கு மறுநாள், ஊர் மூடப்படும் என்ற செய்தி மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. எங்கே தெரியுமா? ஆலயத்தினுள்! கடவுளின் இல்லத்தில் எதிர்த்துப் பேசலாகாது என்னும் பக்தியுடைய மக்கள் அவர்கள். எனவே வாய்திறவாது கேட்டுக்கொண்டிருந்தனர். அந்த மௌனமே இசைவாகக் கொள்ளப்பட்டது. குடும்பங்கள் பல ஊர்களுக்குச் சிதறின, உறவுகள் பிரிந்தன, வறுமையும் நோயும் தொடர்ந்தன. 2005-இல்தான் மாகாண முதல்வர் டேனி வில்லியம்ஸ் அதற்காக மன்னிப்புக் கோரினார். பக்தியுள்ளோரின் மௌனத்தைத் தம் வசதிக்குப் பயன்படுத்துவோர் எந்தச் சபையாராயினும் ஆண்டவர்முன் கணக்குக் கொடுக்க வேண்டியவர்களே.

எஞ்சிய ஊர்களுக்கு அடுத்த இடி கடலிலிருந்தே வந்தது. கரையோர மீனவர் சிறு படகுகளில் பிடித்த காலத்தில் காட் மீன் குறையவில்லை. பன்னாட்டுப் பெருங்கப்பல்கள் கடலடியை வாரும் இழுவலைகளுடன் வந்தபின் நிலை மாறிற்று. வடகடல் காட் மீனின் பிடிப்பு 1968-இல் 8,00,000 டன்னைத் தாண்டியது. 1977-இல் கனடா 200 கடல்மைல் வரை தன் உரிமையை நிலைநாட்டி அயல்நாட்டுக் கப்பல்களை விலக்கிய போதிலும், அவ்விடத்தைத் தன்னாட்டுப் பெருங்கப்பல்களால் நிரப்பியது. மீன் இருப்பு மிகைப்படக் கணக்கிடப்பட்டது. மீன் சிறுத்துவிட்டது, அருகிவிட்டது என்று கரையோர மீனவர் முறையிட்டனர், கேட்பார் இல்லை. முடிவில் 1992-ஆம் ஆண்டு சூலை 2-ஆம் நாள், மத்திய மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி காட் மீன்பிடிப்புக்குத் தடை விதித்தார். அவரும் அம்மாகாணத்தவரே. ஒரே நாளில் ஏறத்தாழ 30,000 பேர் தொழில் இழந்தனர். இரண்டு ஆண்டுகளுக்கு என்று அறிவிக்கப்பட்ட தடை 32 ஆண்டுகள் நீடித்தது. 2024-இல் அது நீக்கப்பட்டபோது அனுமதிக்கப்பட்ட அளவு 18,000 டன் மட்டுமே. பெருங்கப்பல்களுக்கும் அதில் பங்களித்ததைக் கரையோர மீனவர் சங்கம் எதிர்த்தது. பட்ட பாடத்தை மறந்தீரோ என்பதே அவர்தம் கேள்வி.

தொழில் போயிற்று, இளைஞர் வேலை தேடி மேற்கு மாகாணங்களுக்குச் சென்றனர். முதியோர் தங்கினர். 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாகாணத்தின் மக்கள் தொகை 5,10,550. கனடிய மாகாணங்களுள் நடுவயது மிக உயர்ந்தது இங்கேதான். ஏறத்தாழ நான்கில் ஒருவர் 65 வயதைக் கடந்தவர். குடும்ப மருத்துவர் கிடைப்பது அரிதாகிவிட்டது. பல சிற்றூர்களில் குழாய்நீரைக் காய்ச்சியே குடிக்க வேண்டும் என்னும் அறிவிப்பு ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. நீரைச் சுத்திகரிக்கும் பொறியை இயக்கவும் ஆளில்லை, பணமும் இல்லை.

இந்நிலையில்தான் ஊரை மூடும் வாக்கெடுப்பு மீண்டும் தலைதூக்கியது. 2013-இல் அரசு உதவித்தொகையை உயர்த்தி, ஒரு வீட்டுக்கு 2,50,000 டாலர் முதல் 2,70,000 டாலர் வரை தர முன்வந்தது. நிரந்தரக் குடிகளுள் 90 விழுக்காட்டினர் இசைய வேண்டும் என்பது விதி. வடகரையை ஒட்டிய லிட்டில் பே ஐலண்ட்ஸ் என்னும் தீவூரில் என்ன நிகழ்ந்தது என்று பாருங்கள். நண்டு பதனிடும் ஆலை மூடப்பட்டபின் அவ்வூர் தளர்ந்தது. 2015-இல் வாக்கெடுப்பு நடந்தது. இசைந்தோர் 89.47 விழுக்காட்டினர், ஒரே ஒரு வாக்குக் குறைவு! அந்நாள் முதல் அவ்வூரின் அமைதி குலைந்தது. போக விரும்பியவர், இருக்க விரும்பியவரைத் தம் வாழ்வுக்குத் தடையென்று கருதினர். இருக்க விரும்பியவர், பணத்துக்காக ஊரை விற்கிறார்கள் என்று மனம் நொந்தனர். தலைமுறை தலைமுறையாக ஒரே கடலில் வலைவீசியவர்கள், ஒருவரையொருவர் ஐயுறத் தொடங்கினர். 2019-இல் மீண்டும் வாக்கெடுப்பு நடந்தபோது எதிர்ப்பே எழவில்லை, அனைவரும் இசைந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 31-ஆம் நாள் படகும் மின்சாரமும் நின்றன. ஒரு தம்பதியர் மட்டும் கதிரவன் ஒளியால் மின்சாரம் ஆக்கிக்கொண்டு அங்கேயே தங்கினர்.

அனைவரும் இசைந்தனர் என்பதால் அனைவரும் விரும்பினர் என்று கொள்ளலாமா? நான்கு ஆண்டுப் பிணக்கினால் களைத்துப்போய்க் கொடுத்த வாக்கும், நிறைந்த மனத்துடன் கொடுத்த வாக்கும் பெட்டியில் ஒன்றுபோலவே விழும். 2021-இல் அரசு 90 என்னும் அளவை 75 ஆகக் குறைத்தது. பிடிவாதக்காரர் ஒருவரால் ஊர் முழுவதும் பிணைக்கைதி ஆகக்கூடாது என்பது அதன் நியாயம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. மருத்துவ உதவிக்குப் படகேறிப் போக வேண்டிய முதியவளை, அண்டை வீட்டாரின் ஊர்ப்பற்றுக்காக அங்கேயே இரு என்று கட்டாயப்படுத்தல் அன்பாகாது. எனினும், நான்கில் மூவர் இசைந்தால் நான்காமவரின் வீட்டிலும் விளக்கு அணையும் என்பதை எண்ணிப் பார்க்கும்போது நெஞ்சம் கலங்குகிறது.

அரசின் வாதம் செலவைப் பற்றியது. லிட்டில் பே ஐலண்ட்ஸ் மக்களை இடம்பெயர்க்க ஆகும் செலவு சுமார் 87 இலட்சம் டாலர். இருபது ஆண்டுகளில் அதனினும் மிகுதியான தொகை மிஞ்சும் என்று அரசு கணக்கிட்டது. கணக்குப் பார்ப்பது பிழையன்று. அரசின் கருவூலம் ஏழையின் வரிப்பணம். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே தராசு வேண்டுமல்லவா? அதே மாகாணம் லாப்ரடாரில் மஸ்க்ராட் பால்ஸ் என்னுமிடத்தில் நீர்மின் அணை கட்டியது. 2012-இல் 740 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்ட திட்டம் 1,300 கோடியைத் தாண்டிற்று. நீதிபதி ரிச்சர்டு லெபிளாங்க் நடத்திய விசாரணையின் அறிக்கை 2020-இல் வெளிவந்தபோது, அது தவறான வழியில் சென்ற திட்டம் என்று தலைப்பிலேயே உரைத்தது. சிற்றூரின் படகுச் செலவை டாலர் டாலராக எண்ணிய கைகள், பேரணையின் செலவை எண்ண மறந்தன. எளியோரிடம் கண்டிப்பும் பெருந்திட்டங்களிடம் தாராளமும் காட்டுவது அந்த ஒரு மாகாணத்தின் நோய் மட்டுமன்று.

இனி, வேறொரு தீவைப் பார்ப்போம். அதே வடகரையில் உள்ளது போகோ தீவு. 1967-இல் அதன் பத்து ஊர்களும் மூடப்படும் நிலையில் இருந்தன. அவை தமக்குள் ஒட்டாதவை. டில்ட்டிங் என்னும் ஊரில் அயர்லாந்து மரபுக் கத்தோலிக்கர். மற்ற ஊர்களில் பிற சபையார். ஓர் ஊரின் துன்பம் அடுத்த ஊருக்குத் தெரியாது. அப்போது மெமோரியல் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பணியாளரும், தேசியத் திரைப்பட வாரியத்தைச் சேர்ந்த காலின் லோவும் அங்கு வந்து, மக்கள் தம் குறைகளைத் தாமே பேசுவதைச் சிறு சிறு படங்களாக எடுத்தனர். ஓர் ஊரில் எடுத்த படத்தை அடுத்த ஊரில் காட்டினர். அவர்களும் நம்மைப்போலவே துன்புறுகிறார்களே என்று ஒவ்வோர் ஊராரும் வியந்தனர். படங்கள் அரசினருக்கும் காட்டப்பட்டன. மக்கள் போவதில்லை என்று உறுதி பூண்டு, கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பெரிய படகுகளைக் கட்டினர். மீன் பதனிடும் ஆலையைத் தாமே நடத்தினர். 1992-இன் பேரிடியையும் அக்கூட்டுறவு நண்டினாலும் பிற மீன்வகைகளாலும் தாங்கி நின்றது.

ஒரே கடல், ஒரே குளிர், ஒரே அரசு. ஓரிடத்தில் வாக்குப்பெட்டி மக்களைப் பிரித்தது; ஓரிடத்தில் உரையாடல் மக்களைச் சேர்த்தது. எல்லாச் சிற்றூரையும் காக்க முடியும் என்று நாம் சொல்லவில்லை. போகோ பெரிய தீவு. பத்து ஊர்கள் சேர்ந்தால் வலிமை உண்டு. எழுபது பேர் மட்டும் எஞ்சிய ஊருக்கு அது இயலாதிருக்கலாம். ஆயினும், இருப்பதா போவதா என்னும் கேள்விக்கு முன்னர், சேர்ந்து செய்யக்கூடியது எது என்னும் கேள்வி எழ வேண்டும். அக்கேள்வி எழாத ஊர் வாக்கெடுப்புக்கு முன்பே மடிந்துவிட்டது.

திருச்சபையின் சமூகப் போதனை இதில் தெளிவானது. சிறு சமூகம் தானே செய்துகொள்ளக் கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது. செய்ய இயலாததில் துணைநிற்க வேண்டும் என்று 1931-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் உரைத்தார். பழைய ஏற்பாட்டில் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்துக்கு அரசன் நல்ல விலையும் கூறினான். வேறு தோட்டமும் தருவதாகச் சொன்னான். முன்னோரின் உரிமைக்கு விலையில்லை என்று நாபோத் மறுத்தான். அவன் பிடிவாதக்காரன் என்று மறைநூல் கூறவில்லை. நம் ஆண்டவரோ, தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிச் சென்ற ஆயனையே நமக்கு முன்மாதிரியாகக் காட்டினார். விழுக்காட்டுக் கணக்கில் அந்த ஓர் ஆடு என்றோ தோற்றுப்போயிருக்கும்!

அம்மாகாணத்துத் திருச்சபை இன்று தானும் தாழ்நிலையில் நின்றே இதனைப் பேச வேண்டியிருக்கிறது. மவுண்ட் கேஷல் அநாதை இல்லத்தில் துறவறச் சகோதரர் சிலர் சிறுவர்க்கு இழைத்த பாலியல் கொடுமைகளுக்கு செயின்ட் ஜான்ஸ் உயர்மறைமாவட்டமும் பொறுப்பு என்பது 2021-இல் உறுதியாயிற்று. இழப்பீடு வழங்கும் பொருட்டு, 1855-இல் நேர்ந்தளிக்கப்பட்ட திருமுழுக்கு அருளப்பர் பேராலயம் உட்படப் பல ஆலயங்கள் 2022 முதல் விற்கப்பட்டன. பாதிக்கப்பட்டோர்க்கு நீதி வழங்குவது கடமை. அதில் முணுமுணுப்புக்கு இடமில்லை. ஆனால் சிலரின் பாவத்துக்கும் மறைத்தோரின் கோழைத்தனத்துக்கும், எக்குற்றமும் அறியாத பங்கு மக்கள் தம் பாட்டன் கட்டிய ஆலயத்தை விலையாகக் கொடுத்தனர். இதையும் நாம் நினைவில் கொள்ளல் வேண்டும்.

இருளிடையே ஒளியும் உண்டு. 1842-இல் டப்ளினிலிருந்து அத்தீவுக்கு வந்த இரக்கத்தின் கன்னியர் சபையைச் சேர்ந்தவர் அருட்சகோதரி எலிசபெத் டேவிஸ். இவரும் மருத்துவப் பேராசிரியர் பாட்ரிக் பார்ப்ரியும் தலைமையேற்ற குழு, மாகாணத்தின் நலவாழ்வுக்குப் பத்தாண்டுத் திட்டம் ஒன்றை 2022-இல் அளித்தது. மருத்துவமனைகளைக் கூட்டுவதால் மட்டும் உடல்நலம் வராது. வருமானம், வீடு, உணவு, தனிமையின்மை இவையே நலத்தின் வேர் என்பது அதன் சாரம். மக்களைக் கேட்டு எழுதப்பட்ட திட்டம் அது.

ஆகவே, நீதி கேட்பது மூன்று. முதலாவது, ஊரின் எதிர்காலம் குறித்து அரசு உண்மையை முன்கூட்டியே சொல்ல வேண்டும். செவிலியரையும் ஆசிரியரையும் படகையும் ஒவ்வொன்றாய் விலக்கிவிட்டு, மக்களே போக விரும்பினர் என்று கூறலாகாது. இரண்டாவது, வாக்கெடுப்புக்கு முன் மக்கள் அச்சமின்றி ஒருவரோடொருவர் பேச இடமும் காலமும் துணையும் வேண்டும். மூன்றாவது, தோற்ற சிலரை வென்ற பலர் தம் பொறுப்பாகக் கொள்ள வேண்டும்; அவர்கள் புதிய இடத்தில் காலூன்றும் வரை ஊரின் கடமை முடிவதில்லை.

வாசகக் குடும்பங்களே, இச்செய்தியை இன்றிரவு குடும்பச் செபத்துக்குப் பின் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நம் பங்கிலும் பெரும்பான்மையோரின் வசதிக்காகத் திருப்பலி நேரமும் கூட்ட நாளும் கட்டடத் திட்டமும் முடிவு செய்யப்படும்போது, தொலைவிலுள்ள கிளைப்பங்கின் கடைசி இரண்டு மூன்று குடும்பங்களை எவரேனும் கேட்டோமா என்று எண்ணிப் பாருங்கள். அவர்கள் ஆலயத்தில் மௌனமாய் இருப்பதால் இசைந்துவிட்டார்கள் என்று கொள்ளாதீர்கள். வரும் ஞாயிறு அவர்களுள் ஒரு வீட்டுக்குச் சென்று, உங்கள் எண்ணம் என்ன என்று கேட்டு வாருங்கள்.